டிராக்டர் டேங்கில் எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது: புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு

“செல்ஃப் நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல.” “ஓடிக்கிட்டே இருந்த வண்டி நடு வயல்ல நின்னுபோச்சு.” “ரொட்டவேட்டர் மாட்டினா இழுக்க மாட்டேங்குது.” இந்த மூன்றில் எதைச் சொல்லிக்கொண்டு போனாலும், கைதேர்ந்த மெக்கானிக் எஞ்சினில் கைவைக்கும் முன் டேங்க் மூடியைத்தான் திறந்து பார்ப்பார். பிஸ்டனும் வால்வும் கெட்டுப்போக வருடக்கணக்காகும். அழுக்குக் கேனில் வந்த டீசல் ஒரே நாளில் வண்டியை நிறுத்திவிடும்.

எரிபொருள் எரிந்து சக்தி கொடுக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எரிவதற்கு முன்பே அது செய்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். டீசல் தான் ஓடிவரும் வழியிலுள்ள பம்புக்கும், எஞ்சினுக்குள் அதைப் பீய்ச்சும் நாசிலுக்கும் தானே மசகு எண்ணெய். அந்தப் பம்புக்குள் ஒன்றோடொன்று உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான்; தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும். அங்கே வேறு எந்த ஆயிலும் போய்ச் சேராது. டூ-ஸ்ட்ரோக் களைவெட்டியில் பெட்ரோல்தான் ஆயிலைச் சுமந்துபோய் பேரிங்குக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டாவது வேலையை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் விதிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

முதலில், உங்கள் வண்டி எந்த ஜாதி?

இந்தியாவில் விற்கும் விவசாய டிராக்டர்கள், 15 ஹெச்.பி. மினி முதல் 75 ஹெச்.பி. பெரிய வண்டி வரை, ஏறக்குறைய எல்லாமே டீசல்தான். பவர் டில்லரும் டீசல். களையெடுக்கும் பவர் வீடரில் இரண்டு வகையும் உண்டு என்பதால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது: பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வீடரில் ஒன்று பெட்ரோல், இன்னொன்று டீசலாக இருக்கும். கல்லூரி மைதானம், கோல்ஃப் திடல், பெரிய விடுதி போன்ற இடங்களில் ஓடும், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி டிராக்டர் பெரும்பாலும் பெட்ரோல். அதிலும் பெரிய அளவு வண்டிகள் டீசலில் வருகின்றன.

ஸ்டிக்கர் கிழிந்துபோன பழைய வண்டி என்றால் எஞ்சின் தலைப்பகுதியைப் பாருங்கள். தடித்த கறுப்பு ஒயர் ஒன்று ரப்பர் தொப்பியோடு வந்து சொருகியிருந்தால் அது ஸ்பார்க் பிளக், எனவே பெட்ரோல் வண்டி. ஒயர் இல்லாமல், சிலிண்டருக்கு ஒன்றாக விறைப்பான இரும்புக் குழாய்கள் நட் போட்டு முறுக்கியிருந்தால் அது நாசில், எனவே டீசல். பெட்ரோல் கருவியில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியோ ஆயில் ஊற்றும் தனி மூடியோ இல்லையென்றால் அது டூ-ஸ்ட்ரோக். வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

டீசல் டிராக்டரிலும் இன்று இரண்டு வகை இருக்கிறது. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம்-4 புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய வண்டிகளில் பெரும்பாலும், மிக அதிக அழுத்தத்தில் டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் காமன் ரெயில் அமைப்பு இருக்கிறது. அதற்குக் கீழான வண்டிகளில் பெரும்பாலும் பழைய மெக்கானிக்கல் பம்புதான். எது என்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏர் எடுக்கும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் பகுதியில் இது உங்கள் கைவிரல்களைக் காப்பாற்றும்.

டீசல் வாங்கும்போது

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் கிடைப்பது பி.எஸ்.-6 டீசல். இதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பி.எஸ்.-4 டீசலில் 50 வரை அனுமதி இருந்தது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் குறைகிறது. அதை ஈடுகட்ட சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே பழைய டிராக்டருக்கும் இந்த டீசலைப் பயமில்லாமல் ஊற்றலாம். “பம்பு தேயாமல் இருக்க” என்று டேங்கில் எஞ்சின் ஆயில் கலக்கும் பழக்கம் வேண்டாம். மெக்கானிக்கல் பம்பு வண்டியில் அது புகையையும் நாசில் முனையில் கரியையும் கூட்டும்; புகை வடிகட்டி வைத்த புதிய வண்டியில் அந்த வடிகட்டியையே அடைத்துவிடும்.

சந்தேகம் வந்தால் பங்கிலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக்காட்டச் சொல்லலாம். அடர்த்தியை அளந்துகாட்டச் சொல்லலாம். 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அளவு, லோடு வந்தபோது பதிவான அளவிலிருந்து 3 புள்ளிக்கு (கனமீட்டருக்கு 3 கிலோ) மேல் கூடவோ குறையவோ கூடாது. மண்ணெண்ணெய் கலந்தால் அடர்த்தி இறங்கும். பங்க் டேங்கில் லோடு இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாங்காதீர்கள். அடியில் படிந்த கசடும் தண்ணீரும் அப்போதுதான் கலங்கி மேலே வரும்.

கேனும் டிரம்மும்

டிராக்டரை ஒவ்வொரு முறையும் பங்குக்கு ஓட்டிப்போக முடியாது. கேனில்தான் வரும், கோளாறும் கேனில்தான் வரும். சமையல் எண்ணெய் வந்த கேன், பூச்சிமருந்து வந்த கேன், தண்ணீர் கேன் எதுவும் ஆகாது. பூச்சிமருந்து கேனில் ஒட்டியிருக்கும் மிச்சம் நாசிலை அடைக்கும். அதே கேன் நாளை தண்ணீருக்கும் போனால் உயிருக்கே ஆபத்து. எரிபொருளுக்கென்று செய்த தடித்த கேனில் டீசலுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று என்று வெவ்வேறு நிறத்தில் வாங்கி, மூடியிலேயே பெரிதாகப் பெயிண்டில் எழுதிவையுங்கள். பங்கில் பிடிக்கும்போது கேனைத் தரையில் இறக்கி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தால் நிலைமின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் பொறி தெறிக்கும். பெட்ரோலுக்கு இது மிக முக்கியம்.

டிரம்மில் சேமிப்பதென்றால் துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரம் வேண்டாம். டீசல் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு போன்ற ஒரு பசையை உண்டாக்கும், அது ஃபில்டரில் போய் ஒட்டும். சாதாரண இரும்பு டிரம் போதும். அதை நிழலில், குழாய் இருக்கும் பக்கம் இரண்டு விரல் உயரமாக இருக்கும்படி சற்றுச் சாய்த்துப் படுக்கவையுங்கள். கசடும் தண்ணீரும் எதிர்ப்பக்கம் தங்கிவிடும். டிரம் மூடியை மழை நேரத்தில் பாருங்கள்: நிமிர்த்தி வைத்த டிரம்மின் மேல்தட்டில் தேங்கும் மழைநீரை, இரவில் குளிர்ந்து சுருங்கும் டிரம் மூடி இடுக்கு வழியாக உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திருகித்தான் வைத்தேன், தண்ணீர் எப்படி வந்தது என்று குழம்புபவர்களுக்கு விடை இதுதான்.

எவ்வளவு வைக்கலாம்? 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி டீசல் ‘பி’ வகுப்பில் வருகிறது. ஒரே இடத்தில் 2,500 லிட்டர் வரை, எந்தப் பாத்திரமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல், உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பெட்ரோலுக்கு அந்தத் தளர்வு கிடையாது: சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர்தான். டீசல் சட்டென்று தீப்பிடிக்காது என்று சொல்வது பாதிதான் உண்மை. இந்தியத் தரப்படி டீசலின் தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தகரக் கொட்டகையில் நிற்கும் டிரம்முக்குள் தீப்பற்றும் ஆவி இருக்கவே செய்யும். பக்கத்தில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சி டீசல் இறக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மீண்டும் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையால் பிசையும் ரப்பர் பம்பு எந்தக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் கொஞ்சம்தான்.

டேங்கில் ஊற்றும் நேரம் மாலை

வேலை முடிந்து வண்டியை நிறுத்தும் மாலையிலேயே டேங்கை நிரப்புங்கள். பாதி காலியான டேங்கில் மீதி இடம் முழுக்கக் காற்று. இரவு குளிரில் அந்தக் காற்றிலுள்ள ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து, சொட்டி, அடியில் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் இது இன்னும் அதிகம். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விட்டால் வெயிலில் விரியும் டீசல் வழியாது.

புனலில் நுண்ணிய கம்பிவலை இருக்க வேண்டும். வேட்டித் துணியை மடித்துப் போட்டு வடிகட்டினால் மண் நிற்கும், ஆனால் நூல்பிசிறு உள்ளே போகும். மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள தூசியைத் துடையுங்கள். நெல் அறுவடை சமயத்தில் வைக்கோல் தூசி மூடிமேல் ஒரு விரல்கடை நிற்கும், திறந்த நொடியில் பாதி உள்ளே விழும். டேங்க் வாயில் வந்த சல்லடையைச் “சீக்கிரம் இறங்கல” என்று பிடுங்கி எறிந்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன. உங்களுடையதில் அது இல்லையென்றால் முதல் வேலையாக வாங்கிப் போடுங்கள்.

கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வரப்பு ஏறும்போதும் சேற்றில் ஒரு சக்கரம் இறங்கும்போதும் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும், வண்டி நிற்கும். டேங்கில் டீசல் இருந்தும் நின்றுபோன வண்டிகளில் பலவற்றின் கதை இதுதான்.

இன்னொரு சிறு விஷயம், பெரிய தலைவலி. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது சேறு படிந்து அடைத்தால், வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகி அரை மணி நேரம் ஓடி, மூச்சுத்திணறி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். பிறகு மறுபடி ஓடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பம்பைக் கழற்றிச் செலவு செய்தவர்கள் உண்டு.

தண்ணீரை வடிப்பது

டீசல் ஒரு லிட்டர் சுமார் 830 கிராம், தண்ணீர் 1,000 கிராம். ஆகவே தண்ணீர் எப்போதும் அடியில்தான் நிற்கும். இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, முதல் ஃபில்டருக்கு அடியிலுள்ள திருகையோ கண்ணாடிக் கிண்ணத்தின் திருகையோ இரண்டு சுற்று தளர்த்தி, ஒரு கண்ணாடி டம்ளரில் 100 மி.லி. பிடியுங்கள். பத்து நிமிடம் வையுங்கள். கோடு போட்டதுபோல் அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர். அப்படியே கலங்கலாக நின்றால் நுண்துளியாகத் தண்ணீர் கலந்திருக்கிறது. வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை டேங்க் அடியிலுள்ள பிளக்கையே கழற்றிக் கசடை இறக்கிவிடுங்கள்.

பிடித்த டீசலில் கறுப்பாக, வழவழவென்று பாசி மாதிரி வந்தால் அது மண்ணல்ல. தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் வளரும் நுண்ணுயிர்கள். ஃபில்டரை மாற்றினால் இரண்டே வாரத்தில் திரும்ப அடைக்கும். டேங்கை இறக்கி முழுக்கக் கழுவிக் காயவைப்பதுதான் வழி. தண்ணீர் இல்லாத டேங்கில் இவை வளராது.

ஃபில்டர் மாற்றி ஏர் எடுப்பது

பெரும்பாலான டிராக்டர்களில் இரண்டு டீசல் ஃபில்டர் வரிசையாக இருக்கும். கையேட்டில் பொதுவாக 250 முதல் 500 மணி நேரம் வரை ஓர் அளவு கொடுத்திருப்பார்கள். கேன் டீசலில் ஓடும் வண்டிக்கு அதில் சொன்னதைவிடச் சற்று முன்பாகவே மாற்றுவது நல்லது. நாசில் செட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை. பழைய ஃபில்டரைப் பெட்ரோலில் அலசித் திரும்பப் போடுவது வேண்டாம். காகிதத்தின் நுண்துளைகள் கிழிந்து, பிடித்துவைத்திருந்த மண்ணையும் சேர்த்து உள்ளே அனுப்பும்.

கீழே சொல்வது மெக்கானிக்கல் பம்பு வண்டிக்கு மட்டும். வண்டி டீசல் தீர்ந்து நின்றாலும் இதே முறைதான்.

1. சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வை விடுவித்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். எஞ்சின் ஆறட்டும். ஃபில்டர் தலையைச் சுற்றி பிரஷ்ஷும் கொஞ்சம் டீசலும் வைத்து நன்றாகக் கழுவுங்கள். இந்தக் கழுவலைத் தவிர்த்தால் மீதி வேலை எல்லாம் வீண்.

2. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்க வேண்டும். டேங்க் குழாயை மூடி, பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதை அதோடு வரும் புது ரப்பர் வாஷர்களோடு போடுங்கள். வாஷரில் லேசாக டீசல் தடவினால் திருகும்போது மடங்காது. பழைய வாஷர் மேலே ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; இரண்டு வாஷர் சேர்ந்தால் கசியும். புது ஃபில்டரின் நடுத்துளை வழியாகக் கேன் டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள். அது வடிகட்டாமலே பம்புக்குப் போகும் வழி.

3. டேங்க் குழாயைத் திறந்து, முதல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பிலுள்ள கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு கம்பி மாதிரி சுத்தமான டீசல். அடித்துக்கொண்டே போல்ட்டை இறுக்குங்கள். நெம்புகோல் வகைக் கைப்பம்பு அசைவில்லாமல் தொளதொளவென்று இருந்தால் உள்ளே அந்தப் பம்பைத் தள்ளும் கேம் மேலே நிற்கிறது. செல்ஃபை ஒரு தட்டு தட்டி எஞ்சினைச் சற்றுத் திருப்பினால் சரியாகும்.

4. இரண்டாவது ஃபில்டரில் அதையே செய்யுங்கள். அடுத்து, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்பின் பக்கவாட்டிலுள்ள ஏர் போல்ட். எப்போதும் டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கித்தான் வரிசை. ஃபில்டர் தலை அலுமினியம், முரட்டு இறுக்கம் மரையைத் தின்றுவிடும். செம்பு வாஷர் கெட்டியாகிப் போயிருந்தால் புதியது போடுங்கள்.

5. இப்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆகவில்லையென்றால் நாசிலில் வந்து சேரும் குழாய் நட்டுகளை, வழக்கமாக 17 அல்லது 19 ஸ்பேனர், ஒரு சுற்று தளர்த்தி, ஸ்டாப் குமிழ் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்து, செல்ஃபைப் பத்து நொடி சுற்றுங்கள். அரை நிமிடம் ஓய்வு. மீண்டும் பத்து நொடி. நட்டு இடுக்கில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளும்போது ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒரே மூச்சில் செல்ஃப் அடித்தால் பேட்டரியும் மோட்டாரும் வேகும்.

6. ஸ்டார்ட் ஆனதும் சில நொடி தட்டுத்தடுமாறி ஓடும், பிறகு சீராகும். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு எல்லா இணைப்பையும் துடைத்து, கசிவு பாருங்கள்.

அடிக்கடி ஏர் பிடிக்கிறது, ஆனால் எங்கேயும் சொட்டவில்லை என்றால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே தேடுங்கள். அந்தப் பகுதி டீசலை உறிஞ்சும் பக்கம். ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வெடித்த ரப்பர் குழாயும் தளர்ந்த கிளிப்பும்தான் வழக்கமான குற்றவாளிகள். அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு கண்ணாடி போன்ற டீசல் ஹோஸைப் போட்டு ஓட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

காமன் ரெயில் வண்டியில் நாசில் குழாயைத் தளர்த்தவே கூடாது. பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும்; காமன் ரெயிலில் 1,000 பாருக்கு மேல். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும், ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கசிவு பார்க்க விரலை வைக்காதீர்கள், அட்டைத் துண்டு காட்டுங்கள். இந்த வண்டிகளில் ஏர் எடுக்கும் முறை கையேட்டில் உள்ளபடிதான், இல்லையென்றால் கம்பெனி ஆளிடம் விடுங்கள். நீல மூடி போட்ட இரண்டாவது டேங்க் உங்கள் வண்டியில் இருந்தால் அது புகையைச் சுத்தமாக்கும் 32.5 சதவீத யூரியாக் கரைசலுக்கானது. அதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள்.

மாற்றி ஊற்றிவிட்டால்

டீசல் டேங்கில் பெட்ரோல் போய்விட்டது. ஸ்டார்ட் செய்யாத வரைக்கும் பெரிய நஷ்டம் இல்லை. டேங்கை முழுக்க வடித்து, ஐந்து லிட்டர் நல்ல டீசல் ஊற்றிக் கழுவி, அதையும் வடித்து, ஃபில்டர்களை மாற்றி, மேலே சொன்னபடி ஏர் எடுத்தால் முடிந்தது. ஓட்டிவிட்டால் கதை வேறு: பெட்ரோலில் வழவழப்பு இல்லை, பம்பு உலர்ந்து உரசும். “கொஞ்சம்தானே, டீசல் ஊற்றிக் கலந்துடலாம்” என்பது பம்பை வைத்துச் சூதாடுவது. மண்ணெண்ணெய்க்கும் இதே காரணம் பொருந்தும்.

பெட்ரோல் எஞ்சினில் டீசல் போனால் சேதம் குறைவு. வெள்ளைப் புகை வரும், பிளக் நனையும், நிற்கும். டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்து, பிளக்கைத் துடைத்துப் போட்டால் ஓடும்.

எதுவும் மாற்றி ஊற்றாமலே எஞ்சின் ஆயில் அளவு குச்சியில் ஏறிக்கொண்டு, டீசல் வாசனை அடித்தால் பெரும்பாலும் ஃபீட் பம்பின் உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்து ஆயிலில் டீசல் இறங்குகிறது. அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயில் கூடுகிறதே என்று சந்தோஷப்படக் கூடாத இடம் இது.

எவ்வளவு குடிக்கும்?

தோராயக் கணக்கு ஒன்று கையில் இருக்கட்டும்: ஒரு ஹெச்.பி. வேலையை ஒரு மணி நேரம் வாங்க 200 முதல் 220 மி.லி. டீசல் ஆகும். 45 ஹெச்.பி. வண்டி பாதிச் சுமையில் ஓடினால் மணிக்கு 5 லிட்டர் அளவு. அதைவிட வெகுவாகக் கூடினால் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் ஒழுகல், டயரில் காற்று, சேற்றில் சக்கரச் சறுக்கல் என்று வரிசையாகப் பாருங்கள். அளப்பதற்கு டேங்கைக் குறித்த கோடு வரை நிரப்பி, வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி அதே கோடு வரை ஊற்றி, ஊற்றிய லிட்டரைக் கணக்கிடுங்கள். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் குறியுங்கள். எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் பழைய வகை ‘அவர் மீட்டர்’ எஞ்சின் சுற்றோடு சேர்ந்து ஓடுவது, மெதுவாக ஓட்டினால் அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணியைவிட நீளம்.

டிரெய்லர் இழுப்பது, மருந்தடிப்பது போன்ற இலகுவான வேலைக்கு ஒரு கியர் கூட்டி, ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டினால் டீசல் மிச்சமாகும். கறுப்புப் புகை தள்ளத் தொடங்கினால் எஞ்சின் திணறுகிறது, கியரைக் குறைத்துவிடுங்கள்.

பெட்ரோல் கருவிகளும் புல்வெட்டி டிராக்டரும்

டீசல் வண்டியின் எதிரி தண்ணீரும் மண்ணும் என்றால், பெட்ரோல் கருவியின் எதிரி சும்மா நிற்பது. பெட்ரோலின் இலகுவான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைக்கும். இப்போது இதில் எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், ஹோண்டா போன்ற சிறு எஞ்சின் தயாரிப்பாளர்களின் பல கையேடுகளோ 10 சதவீதத்தைத்தான் எல்லையாகச் சொல்கின்றன. புதிதாக வாங்குபவர் இ-20க்கு, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, ஏற்றதா என்று கேட்டு, கையேட்டில் அச்சாகியிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். பழைய கருவி வைத்திருப்பவர் ரப்பர் குழாய், வாஷர்களை அடிக்கடி தொட்டுப் பார்த்து, ஊதி மெத்தென்று ஆனால் மாற்ற வேண்டும்.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் இறங்கும். குழாய் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். வீட்டிலேயே எத்தனாலைப் பார்க்க ஒரு வழி: 100 மி.லி. அளவுக்குடுவையில் 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல் ஊற்றி மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். அடி அடுக்கு 10 மி.லி.யிலேயே நின்றால் எத்தனால் இல்லை. 25 மி.லி.யைத் தாண்டினால் இ-20. சோதித்த பெட்ரோலைத் திரும்பக் கருவியில் ஊற்றாதீர்கள்.

மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வேலை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும். புல்வெட்டி டிராக்டரில் சூடான எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றக் கூடாது; சைலன்சருக்கும் டேங்குக்கும் தூரம் குறைவு, காய்ந்த புல் வேறு எங்கும் ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் ஆறட்டும்.

டூ-ஸ்ட்ரோக் களைவெட்டிக்குக் கலவை: கையேடு 50க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ-டி (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) ஆயில், 25க்கு 1 என்றால் 40 மி.லி. கண்ணளவு வேண்டாம், மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். தனிக் கேனில் பாதி பெட்ரோல், அதன் மேல் ஆயில், குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல். டிராக்டருக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலை இதில் கலந்தால் சைலன்சர் கரியால் அடைக்கும்.

மற்ற எரிபொருள்கள்

டிராக்டர் டீசலோடு பிறந்ததல்ல. 1892இல் அமெரிக்காவின் அயோவாவில் ஜான் ஃப்ரோலிக் செய்தது பெட்ரோல் எஞ்சினில் ஓடியது. பின்னால் வந்த ஃபோர்ட்சன் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. நம் பக்கத்துப் பழைய தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களிலும் இந்த இரட்டை டேங்க் முறை இருந்தது. 1990களில் எரிபொருள் தடையில் சிக்கிய யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களையே சில துளி பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவையெல்லாம் பொறி கொடுத்து எரியும் எஞ்சின்கள், அதனால்தான் தாக்குப்பிடித்தன. டீசல் எஞ்சினுக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

புங்கம், ஆமணக்கு, சமையல் எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஓடும், சில நாள். அதன் பிசுபிசுப்பு நாசிலில் கரியாகப் படிந்து, பிஸ்டன் ரிங்கைப் பிடித்துவைக்கும். வேதிமுறையில் மாற்றிய பயோடீசல் வேறு பொருள். அதைக்கூடக் கம்பெனி அனுமதித்த விகிதத்துக்கு மேல் கலக்காதீர்கள். டீசல் டிராக்டரை சி.என்.ஜி.க்கு மாற்றிய வண்டி 2021 பிப்ரவரியில் இந்தியாவில் அறிமுகமானது. பக்கத்தில் கேஸ் நிரப்பும் நிலையம் இருந்தால்தான் அதைப் பற்றி யோசிக்கலாம். பேட்டரி டிராக்டர் இங்கே விற்பனைக்கு 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தோட்டத்துக்கும் மாட்டுப்பண்ணைக்கும் ஏற்றது. நாள் முழுக்கச் சேற்றுழவு செய்பவருக்கு இன்னும் டீசல்தான். வீட்டுப் புல்வெளிக்கு மட்டும் வண்டி தேடுபவர் பேட்டரியைத் தயங்காமல் பார்க்கலாம், பிசின் அடைக்கும் தொல்லையே இல்லை.

பருவம் முடிந்து நிறுத்தும்போது

டீசல் வண்டியை நிரம்பிய டேங்கோடு நிறுத்துங்கள். பெட்ரோல் கருவியைக் காலியான டேங்கோடு நிறுத்துங்கள். இரண்டும் நேர் எதிர், மாற்றிச் செய்துவிடாதீர்கள். டீசல் வண்டியில் நிறுத்தும் முன் தண்ணீர் வடித்து, மாதம் ஒருமுறை கால் மணி நேரமாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி ஓட்டுங்கள். மூன்று மாதம் கழித்து வயலுக்கு எடுக்கும் அன்று காலையில், சாவியைத் தொடும் முன், ஃபில்டர் அடியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். எதிரே பிடித்த செய்தித்தாளின் எழுத்து டீசல் வழியாகத் தெளிவாகப் படிக்க வந்தால் ஸ்டார்ட் செய்யலாம். மங்கினால் இன்னொரு டம்ளர் பிடியுங்கள்.